அரைப் பழம்

மே 6, திங்கள்

காலை எடை 53.200. நேற்றுக் குடித்த தண்ணீர் 750 மில்லி.

டயாலிசிஸ் பிரிவில் சிஸ்டர் இந்த நோட்டைக் கொடுத்தார். தினமும் எடை, தண்ணீர், 'வேறு ஏதும் இருந்தால்' என்று மூன்றாவதாக ஒரு கட்டம். முதல் இரண்டும் விரல்கடை அளவு. மூன்றாவது கட்டம் முக்கால் பக்கம். இவ்வளவு இடத்தைச் சும்மா விட எனக்கு மனசு வராது. எழுதுகிறேன்.

நான் சென்றாயன். சேலம் சின்னக்கடை வீதியில் முப்பத்தொரு வருஷமாக மாம்பழ மண்டி. நோட்டு எனக்கில்லை, என் மனைவி பாவாயிக்கு. இரண்டு சிறுநீரகமும் நின்றுவிட்டன. மாற்று வைத்தால் இதயம் தாங்காது என்றார்கள். பதினாறு மாதமாகத் திங்களும் வியாழனும் நாலு நாலு மணி நேரம் மிஷின்தான் அவள் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது.

இன்றைக்குப் பொட்டாசியம் 5.6. போன மாதம் 4.9. டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பழம் ஏதாவது சாப்பிடறாங்களா?"

"எங்க வீட்டு வாசப்படியைப் பழம் தாண்டி ஒண்ணேகால் வருஷத்துக்கு மேலாச்சுங்க" என்றேன்.

அது உண்மைதான். மாம்பழம், வாழைப்பழம், இளநீர் எல்லாவற்றிலும் பொட்டாசியம். அது ரத்தத்தில் ஏறினால் இதயம் முன்னறிவிப்பில்லாமல் நிற்கும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து மாம்பழக்காரன் வீட்டில் மாம்பழம் கிடையாது.

திரும்பி வந்து பார்த்தால் சமையலறையில் பழ ஈ. எள்ளில் பாதி இருக்கும், சிவந்த கண். எண்ணினேன். ஒன்பது.

மே 7, செவ்வாய்

எடை 51.900. தண்ணீர் 700.

பழம் இல்லாத வீட்டுக்குப் பழ ஈ எப்படி வரும்? என் சட்டையில்தான் வரும். நாளெல்லாம் பழத்துக்கு நடுவே நிற்கிறேன். இன்று மண்டியிலேயே சட்டை வேட்டி மாற்றிக்கொண்டு வந்தேன். செருப்பைக் கேட்டுக்கு வெளியே கழற்றினேன்.

பாவாயி கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாங்காய் வித்துக் கட்டின வீடு. ஈ வந்து பங்கு கேக்குது போல" என்றாள்.

"உனக்குச் சிரிப்பு. இது உக்காந்த சோத்தை நீ தின்னு வயித்துக்கு வந்தா மிஷின்ல ஏத்த மாட்டாங்க."

"நல்லதாப் போச்சு."

அவளுக்கு இப்படிப் பேசிப் பழக்கமாகிவிட்டது. எனக்குக் கேட்டுப் பழக்கமாகிவிட்டது.

மே 8, புதன்

எடை 52.600. தண்ணீர் 700. ஈ பதினொன்று.

மே 10, வெள்ளி

எடை 51.800. தண்ணீர் 650.

ஒரு தப்புச் செய்தேன், எழுதிவைக்கிறேன்.

வாழப்பாடித் தோட்டக்காரர் ஒருவரிடம் ஈத் தொல்லை என்று சொன்னேன். அவர் மரத்தில் கட்டுகிற பொறி ஒன்றைக் கொடுத்தார். மஞ்சள் டப்பா, உள்ளே மருந்தில் ஊறின மரக்கட்டைத் துண்டு. தோட்டத்தில் அதற்குள் ஈ குவியல் குவியலாகச் செத்துக் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். சமையலறை ஜன்னலில் கட்டிவிட்டு மண்டிக்குப் போனேன்.

மதியம் வந்தால் பொடி ஈ ஒன்றுகூட விழவில்லை. பக்கத்து வீட்டு மாமரத்திலிருந்து பெரிய ஈ நாற்பது ஐம்பது வந்து ஜன்னல் வலையை மொய்த்துக்கொண்டிருந்தது. தோட்டத்து ஈ வேறு, வீட்டு ஈ வேறு. அது காயில் ஓட்டை போட்டு முட்டை வைக்கிற ஜாதி. இது அழுகினதைத் தேடி வருகிற ஜாதி. அதற்கு வைத்த மருந்து இதற்கு ஒன்றும் செய்யாது. முப்பத்தொரு வருஷம் தொழில் செய்தவனுக்கு இது உறைக்கவில்லை.

மாதம்மா துடைப்பத்தோடு நின்றிருந்தாள். இரண்டு வருஷமாகக் காலையில் வந்து மதியம் வரை இருப்பவள். பாவாயியைக் குளிக்க வைப்பது, சமைப்பது எல்லாம் அவள்தான். காய்கறியை இரண்டு தரம் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்ட வேண்டும், அப்போதுதான் பொட்டாசியம் இறங்கும். அந்தப் பொறுமை அவளுக்கு உண்டு.

"இருந்த ஈ போதாதுன்னு ஐயா விருந்தாளி ஈ வேற வரவழைச்சிருக்காரு" என்று பாவாயியிடம் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். பொறியைக் கழற்றித் தெருக்கோடியில் போட்டேன்.

மே 12, ஞாயிறு

எடை 52.300. தண்ணீர் 700.

மண்டி விடுமுறை. ஒழுங்காக வேலையில் இறங்கினேன்.

சிங்க் குழாயில் ஆப்பசோடா ஒரு கைப்பிடி, மேலே வினிகர், பொங்கி அடங்கினதும் இரண்டு குடம் கொதிநீர். குளியலறைச் சாக்கடை வாய்க்கும் அதே. பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டுகிற தட்டு ஒன்று இருக்கிறது, வாங்கின நாளிலிருந்து யாரும் அதைப் பார்த்ததில்லை. உருவிக் கழுவினேன். வெங்காயக் கூடையைக் கொட்டிப் பார்த்ததில் அடியில் ஒரு வெங்காயம் கூழாகியிருந்தது. ஆள் அகப்பட்டான் என்று நினைத்தேன். தரை துடைக்கிற துணி, பாத்திரம் துடைக்கிற துணி எல்லாவற்றையும் வேகவைத்து வெயிலில் போட்டேன். மூடி போட்ட குப்பை வாளி வாங்கினேன்.

ஒரு டம்ளரில் வினிகர், இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவுகிற சோப்பு. வாசனைக்கு வந்து உட்காரும், சோப்பு இருப்பதால் மூழ்கிவிடும். மாலைக்குள் இருபத்திரண்டு விழுந்தது.

நாமக்கல்லில் இருந்து சுகந்தி போன் செய்தாள். என் மகள், பள்ளிக்கூடத்தில் டீச்சர். "அம்மா எப்படிப்பா?" என்றாள். ஈயைப் பற்றிச் சொன்னேன். "அப்பா, நான் அம்மாவைக் கேட்டேன்" என்றாள்.

மே 14, செவ்வாய்

எடை 51.900. தண்ணீர் 700.

குப்பண்ணன், பெரியப்பா மகன், பார்க்க வந்தார். கையில் சாத்துக்குடி ஒரு பை, ஆப்பிள் ஒரு பை. கேட்டிலேயே நிறுத்தினேன்.

"பழத்தை வண்டிப் பெட்டியிலயே வையுங்கண்ணே."

"உடம்பு சரியில்லாதவங்களைப் பாக்க வெறுங்கையோடயா வருவாங்க? மண்டிக்காரன் வீட்டுக்குப் பழம் வாங்கிட்டு வந்த மொத முட்டாள் நானாத்தான் இருப்பேன்."

"இல்லண்ணே. பதினேழாவது."

உள்ளே வந்து பாவாயியின் கையைப் பார்த்தார். ஊசி போடுவதற்காக இடது கையில் நரம்பைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள், கயிறு மாதிரிப் புடைத்திருக்கும். தொட்டால் உள்ளே எறும்புக் கூட்டம் ஓடுகிற மாதிரி அதிரும். குப்பண்ணன் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். பிறகு மழையைப் பற்றிப் பேசினார்.

அவர் போன பிறகு பாவாயி கேட்டாள்.

"என்ன ஆப்பிள்?"

"என்ன ஆப்பிளா இருந்தா என்ன?"

"சும்மா கேட்டேன்."

மே 16, வியாழன்

எடை 53.100. தண்ணீர் 700. பொட்டாசியம் 5.9. ஈ பதினாறு.

இந்த ஈ முட்டை வைத்துப் புழுவாகி ஈயாக எட்டிலிருந்து பத்து நாள். என் சட்டையை நிறுத்தி ஒன்பது நாள் ஆகிறது. சாக்கடை சுத்தம், வெங்காயம் போய்விட்டது, பிரிட்ஜ் சுத்தம். குறைய வேண்டியது ஏறுகிறது. அப்படியென்றால் வீட்டுக்குள் ஏதோ ஒரு இடத்தில் புதுச் சரக்கு இறங்கிக்கொண்டே இருக்கிறது.

வீட்டில் மூன்று பேர். நான் இல்லை. பாவாயி கட்டிலை விட்டு அதிகம் இறங்குவதில்லை. மீதி யார்?

மாதம்மாவைக் கூப்பிட்டேன்.

"உன் வேலையில சுத்தமில்ல. நாளையிலிருந்து வர வேண்டாம்."

கேட்டவள் என்னைப் பார்க்கவில்லை. பாவாயியைப் பார்த்தாள். பாவாயி சுவரைப் பார்த்தாள். எனக்கு ஏதோ இடித்தது, ஆனால் சொன்ன சொல்லை அங்கேயே திருப்பி எடுத்துப் பழக்கமில்லை.

"சரிங்கய்யா" என்றாள் மாதம்மா. படி இறங்கும்போது, "பகல்ல அம்மாவைத் தனியா விடாதீங்க" என்றாள்.

வேலை போகிறவள் சொல்கிற பேச்சு என்று விட்டுவிட்டேன்.

மே 17, வெள்ளி

எடை 51.800. தண்ணீர் 700.

காய்கறியை நானே இரண்டு தரம் வேகவைத்துத் தண்ணீர் கொட்டினேன். சுரைக்காய் சுரைக்காயாகவே இல்லை. பாவாயி தின்றாள். பத்து மணிக்கு மண்டி, ஒரு மணிக்கு வீடு. சீசன், அதற்கு மேல் குறைக்க முடியாது.

மே 18, சனி

எடை 52.700. தண்ணீர் 750. வேறு: டம்ளரில் முப்பத்தொன்று.

மே 19, ஞாயிறு

எடை 53.800. தண்ணீர் 700.

சீசன் உச்சம், இந்த ஞாயிறு மண்டிக்கு விடுமுறை இல்லை. மாதம்மா போய் மூன்று நாள். ஈ குறையவில்லை, இரட்டிப்பு. சமையலறையில் மட்டும் இருந்தது இப்போது படுக்கையறை வரை. பாவாயி கால் மரத்துப்போகிறது என்றாள். தேய்த்துவிட்டேன்.

"கண்ட இடத்துல டம்ளரை வைக்கிறீங்க. நான் தெரியாம எடுத்துக் குடிச்சிடப் போறேன்" என்றாள்.

"குடிச்சா நோட்டுல எழுத வேண்டியதுதான். தண்ணி எழுநூறு, வினிகர் நூறு."

அவள் சிரிக்கவில்லை.

மே 20, திங்கள்

எடை 54.300.

மிஷினுக்கு ஏற்றும் முன் நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். கோடு கோணலாக வந்தது. ரத்தம் எடுத்தார்கள். பொட்டாசியம் 7.1. மூன்று பேர் ஓடி வந்தார்கள். ஊசி போட்டார்கள். நான்கு மணி நேரத்தை ஐந்தாக்கினார்கள்.

நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். எதிரே தீயணைக்கிற சிவப்பு உருளை. அதில் எழுதியிருந்ததை எல்லாம் படித்தேன்.

டாக்டரம்மா வந்து சொன்னார். "இவங்க ஏதோ சாப்பிடறாங்க. காய்கறியால இவ்வளவு ஏறாது. இன்னொரு தரம் இப்படின்னா இங்க கொண்டு வர்ற நேரம்கூட இருக்காது."

சுகந்தி நாமக்கல்லில் இருந்து வந்துவிட்டாள்.

மே 21, செவ்வாய்

எடை 52.000. தண்ணீர் 500.

இன்று மண்டிக்குப் போகவில்லை. படுக்கையறையில் நாற்காலி போட்டு அசையாமல் உட்கார்ந்தேன். சரக்கு எங்கே போகிறது என்று தெரிய வேண்டுமென்றால் சரக்கைத் துரத்தக் கூடாது, வண்டி எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இருபது நிமிஷம் பார்த்தேன். ஈ எல்லாம் சுற்றிச் சுற்றி அழுக்குத் துணிக் கூடைக்குள் போய் இறங்கியது.

புடவைகளை எடுத்தேன். அடியில் பழைய நாளிதழில் சுற்றின பொட்டலம் மூன்று. ஒவ்வொன்றிலும் ஒரு கொட்டை, தோல். கத்தி படாத தோல், பல்லால் உரித்தது. ஒரு பொட்டலம் முழுக்கப் புழு.

பாவாயி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். ஒளிக்கப் பார்க்கவில்லை.

"எத்தனை நாளா?"

"சித்திரை பொறந்ததிலிருந்து."

"யார்கிட்ட?"

"பதினோரு மணிக்குத் தள்ளுவண்டிக்காரி ஒருத்தி வருவா. ஜன்னல்ல வாங்கிக்குவேன்."

தோலை முகர்ந்தேன். செந்தூரா. மேலே நல்ல நிறம், வாசனை துளி இல்லை. கொட்டையை ஒட்டின சதை வெளுப்பு. கார்பைடு கல் வைத்து ஒரே ராத்திரியில் பழுக்கவைத்த சரக்கு. என் மண்டியில் அந்தப் பழத்தைப் படியேற விடமாட்டேன்.

முதலில் என் வாயில் வந்தது இதுதான், வந்ததை அப்படியே எழுதுகிறேன்:

"சாகறதுன்னாலும் நல்ல பழத்தைத் தின்னு சாகக் கூடாதா?"

"நல்ல பழம் உங்ககிட்டதான் இருக்கு. கேட்டா குடுப்பீங்களா?" என்றாள்.

சுகந்தி அழுதுகொண்டே வெளியே போனாள். நான் கூடையைத் தெருக்குழாயில் கழுவினேன். கொதிநீர் ஊற்றி, வெயிலில் கவிழ்த்துவைத்தேன்.

மே 22, புதன்

எடை 52.700. தண்ணீர் 600. ஈ ஏழு.

மாதம்மா வீட்டுக்குப் போனேன். அம்மாபேட்டையில் ஒரு சந்து. தறிச் சத்தத்தில் பேச்சே கேட்காது. வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"கூடையில தோல் இருந்துச்சு" என்றேன்.

"நான் இருந்தவரைக்கும் இருந்துச்சுங்களா?"

"இல்ல."

"தெனமும் இடுப்புல முடிஞ்சு எடுத்துட்டுப் போயிருவேன். ஒரு நா ரெண்டு நா அம்மா மறந்து வெச்சிருவாங்க, அதுக்குத்தான் உங்க ஒம்போது ஈ, பத்து ஈ."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"அம்மா கையைப் பிடிச்சு சத்தியம் வாங்கிட்டாங்க. வேண்டாம்மான்னு எத்தனையோ தரம் சொன்னேன். கேக்கல. அதனால ஒண்ணு பண்ணேன். அம்மா வாங்கின பழத்தைப் பாதி அறுத்து நான் தின்னுருவேன். எனக்கு மாம்பழமே ஆகாதுங்கய்யா, சூடு, உடம்பெல்லாம் கட்டி வருது பாருங்க. என்ன பண்றது, முழுசையும் அவங்க தின்னா என்ன ஆகும்."

கழுத்தில் கட்டியைக் காட்டினாள். மூன்று இருந்தது.

அவள் இருந்தவரை அரைப் பழம். 5.6, 5.9. பதினேழாம் தேதியிலிருந்து முழுப் பழம், நாளுக்கு ஒன்று. 7.1.

பதினாறாம் தேதி அவளை நிறுத்தினது நான்.

"நாளைக்கு வந்துடு மாதம்மா" என்றேன். "வர்றேங்கய்யா, இந்தத் துணிய அலசிட்டு இன்னிக்கே வர்றேன்" என்றாள்.

திரும்பும் வழியில் மண்டிக்குப் போய் லாரி இறக்கினேன்.

மே 23, வியாழன்

எடை 53.500. தண்ணீர் 600.

பாவாயி மிஷினுக்கு வரமாட்டேன் என்றுவிட்டாள். காலை ஏழு மணிக்கு மாதம்மா குளிக்கவைக்க வந்தபோது போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"எங்க போறதுக்குக் குளிக்கணும்? போதும். நான் இனி அங்க வரல."

சுகந்தி கெஞ்சினாள், திட்டினாள், காலைப் பிடித்தாள். பாவாயி அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள், அவ்வளவுதான். கோபம் இல்லை. கோபம் இருந்தால் பேசி இறக்கலாம்.

மிஷின் பிரிவில் இன்றைக்கு எங்கள் கட்டிலை வேறு ஆளுக்குக் கொடுத்தார்கள்.

மே 24, வெள்ளி

எடை 54.200. தண்ணீர் 500.

முகம் ஊதியிருக்கிறது. படுத்தால் மூச்சு வாங்குகிறது, உட்கார்ந்தே தூங்குகிறாள். டாக்டரம்மாவிடம் போய் நின்றேன்.

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வந்தே ஆகணும். அதுக்கப்புறம் வாரம் மூணு நாள் வந்தா நல்லது. ரெண்டு நாள் கண்டிப்பு. அதுக்குக் கீழ போனா நான் பொறுப்பில்ல."

பழத்தைப் பற்றிக் கேட்டேன். யோசித்தார். மிஷின் ஓட ஆரம்பித்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு துண்டு தரலாம், உள்ளே போவதை மிஷின் எடுத்துவிடும் என்றார். ஐம்பது கிராம். அங்கே மட்டும், வீட்டில் கூடவே கூடாது.

எனக்குக் கொஞ்சம் கால் தரையில் பட்டது. நேராக வந்து சொன்னேன்.

"இமாம்பசந்த் கொண்டு வர்றேன். நானே பொறுக்கி எடுத்தது. மிஷின்ல இருக்கும்போது திங்கலாமாம். ஐம்பது கிராம், தராசுல போட்டு—"

"எடை போட்டுக் குடுத்தா அது மருந்துங்க" என்றாள். "மருந்து எனக்கு நிறைய இருக்கு."

மே 25, சனி

எடை 55.000. காலையில் தண்ணீர் கேட்கவில்லை.

ஒன்பது மணிக்குத் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் மடியில் விரித்தேன்.

"வா, வியாபாரமாப் பேசிக்கலாம்."

சுகந்திக்குப் புரியவில்லை. பாவாயிக்குப் புரிந்தது. மண்டி வருவதற்கு முன்னால் பழைய பஸ் ஸ்டாண்டு வாசலில் நானும் அவளும் ஆளுக்கொரு கூடை வைத்து உட்கார்ந்தவர்கள். அவள் கூடைதான் முதலில் காலியாகும்.

மண்டியில் விலையை வாயால் சொல்வதில்லை. வாங்குகிறவனும் விற்கிறவனும் துண்டுக்கு அடியில் கை கோத்து விரலைப் பிடிப்பார்கள். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. ஒத்துவந்தால் பிடித்த விரலை இறுக்கி ஒரு குலுக்கு, முடிந்தது. கையை வெளியே எடுத்ததும் விலையைச் சீட்டு எழுதுகிறவனிடம் ஒரு தரம் சொல்வார்கள். தப்பாகச் சொன்னால் எதிராளி அந்த இடத்திலேயே மறுக்க வேண்டும். மறுக்காமல் எழுந்தால் சொன்னதுதான் விலை. யாரும் பின்வாங்க மாட்டார்கள்.

"வாரத்துக்கு எத்தனை நாள். அதுதான் பேச்சு" என்றேன். "பழம் உன் இஷ்டம். தராசு கிடையாது. அங்க வச்சு, அந்த முதல் ஒரு மணி நேரம், நீயே உரிச்சுத் தின்னு."

"வீட்டுல?"

"வீட்டுல கிடையாது. அது பேச்சிலயே இல்ல."

கொஞ்ச நேரம் துண்டைப் பார்த்தாள். பிறகு கையை உள்ளே விட்டாள். தைத்த கை. என் மணிக்கட்டில் அந்த அதிர்வு பட்டுக்கொண்டே இருந்தது.

நான் மூன்று விரல் கொடுத்தேன். அவள் ஒன்றை மடக்கினாள். நிறுத்துவாள் என்று பார்த்தேன். இன்னொன்றையும் மடக்கினாள். மிச்சம் இருந்த ஒரு விரலைப் பிடித்துக்கொண்டாள். நான் மடங்கினதை மறுபடி நீட்டினேன். மடக்கினாள். நீட்டினேன். மடக்கினாள். விரலெல்லாம் ஊதி, பிடியில் பலமே இல்லை. ஆனால் விடவில்லை. கடைசியில் அந்த ஒரு விரலை இறுக்கி ஒரு குலுக்குக் குலுக்கினாள்.

வாரத்துக்கு ஒரு நாள். டாக்டரம்மா சொன்னது என்ன என்று அவளுக்கும் தெரியும்.

துண்டை எடுத்தேன். சுகந்தி போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஆஸ்பத்திரியில என்னப்பா சொல்லட்டும்?"

என் மண்டியில் எத்தனையோ சூது செய்திருக்கிறேன். மேலே நல்ல பழம் அடுக்கிக் கீழே இரண்டாம் தரம் வைத்திருக்கிறேன். துண்டுக்கு அடியில் பேசின விலையை மட்டும் மாற்றிச் சொன்னதில்லை.

"ரெண்டு நாள்" என்றேன்.

பாவாயி என் முகத்தைப் பார்த்தாள். நான் துண்டை மடித்தேன். நாலாக மடித்து, பிரித்து, மறுபடி மடித்தேன். அவள் வாயைத் திறக்கவில்லை. சுகந்தி போனில் பேசி முடிக்கும் வரை திறக்கவில்லை.

பிறகு, "மாதம்மா, தண்ணி காயவை" என்றாள்.

பதினொன்றரைக்கு மிஷினில் ஏற்றினார்கள். இன்று பழம் எடுத்துப் போகவில்லை, நேரமில்லை. மூன்று கிலோ தண்ணீர் எடுத்தார்கள்.

மே 26, ஞாயிறு

எடை 52.200. தண்ணீர் 600. ஈ இல்லை. தூங்கினாள்.

மே 27, திங்கள்

எடை 53.000. தண்ணீர் 650.

காலையில் மண்டிக்குப் போய் ஆறு பெட்டி பிரித்தேன். ஒரு பழம் எடுத்தேன். காம்புப் பக்கம் லேசாகக் குழிந்து, விரல் வைத்தால் கொடுக்கிற பக்குவம். எடை போடவில்லை. கை தராசுப் பக்கம் போனது, இழுத்துக்கொண்டேன்.

அவளே கிளம்பி உட்கார்ந்திருந்தாள். காரில் முன்சீட்டில்தான் உட்காருவாள். ஐந்து ரோட்டுச் சிக்னலில் நின்றோம்.

"நான் ஒண்ணுதான் பிடிச்சேன்" என்றாள்.

"தெரியும்."

"ரெண்டு பிடிச்சிருந்தா நீங்க மூணுன்னு சொல்லியிருப்பீங்க."

நான் ரோட்டைப் பார்த்தேன். அவளும் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். சிக்னல் எப்போது விழுந்தது என்று கவனிக்கவில்லை.

மிஷின் ஓட ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் பழத்தைக் கொடுத்தேன். இடது கையை அசைக்கக் கூடாது. வலது கையில் பிடித்துப் பல்லால் தோலை இழுத்தாள். சாறு முழங்கை வரை வழிந்தது. சிஸ்டர் ஒரு துணியை விரித்துவிட்டுப் போனார். பக்கத்துக் கட்டில்காரர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பாதி வந்ததும் நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள்.

"மீதி?" என்றாள்.

வாங்கித் தின்றேன். இந்த வருஷம் நான் தின்ற முதல் மாம்பழம். நல்ல பழம்தான். ருசி தெரிய நேரமானது.

கொட்டையைப் போட எழுந்தேன். "இந்தத் தொட்டியில போடாதீங்க சார், சாயந்திரம்தான் எடுப்பாங்க, அதுக்குள்ள ஈ வந்துடும்" என்றார் சிஸ்டர். வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வரலாம். பாவாயி கண்ணை மூடியிருந்தாள், வலது கை என் வேட்டி நுனியில் கிடந்தது. உட்கார்ந்துவிட்டேன். மிஷின் நிற்கிற வரை கொட்டை என் கையிலேயே இருந்தது.